கைகாட்டி முதல் எல்.இ.டி. வரை: வீட்டில் கட்டிய காரும் அதன் இன்டிகேட்டரும்

இங்கிலாந்தில் ஒரு வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதற்குள் ஒருவர் இரண்டு மூன்று வருடமாக, சனி ஞாயிறுகளில் மட்டும் உட்கார்ந்து, தன் கையாலேயே ஒரு கார் கட்டி முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது. கடைசி வேலையாக, அழகாக இருக்கட்டுமே என்று எல்.இ.டி. இன்டிகேட்டர் விளக்குகளை வாங்கி மாட்டுகிறார். சுவிட்சைத் தட்டுகிறார். விளக்கு எரிகிறது, ஆனால் சிமிட்டவில்லை. அப்படியே நின்று எரிகிறது. ரிலேயை மாற்றிப் பார்த்தால், பைத்தியம் பிடித்த மாதிரி படபடவென்று சிமிட்டுகிறது. போதாக்குறைக்கு, இடது பக்கம் போட்டால் வலது பக்க விளக்குகளும் சேர்ந்து எரிகின்றன!

விளக்கில் எந்தக் குறையும் இல்லை. வயரையும் அவர் சரியாகத்தான் இணைத்திருக்கிறார். அப்படியானால் எங்கே தப்பு? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கிட்டத்தட்ட நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

முதல் இன்டிகேட்டர் மனிதனின் கை

கார் வந்த புதிதில் அதற்கு இன்டிகேட்டர் என்று ஒன்று கிடையாது. ஓட்டுபவரின் கைதான் இன்டிகேட்டர். பிரிட்டனில் ஓட்டுநர் வலது பக்கம் உட்காருவார். வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது கையை வெளியே நேராக நீட்டுவார். இடது பக்கம் திரும்ப வேண்டுமானாலும் அதே வலது கைதான். அதைக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் வட்டமாகச் சுற்றிக் காட்ட வேண்டும். 1931-ம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு ஒரு பென்னி விலையில் வெளியிட்ட சாலை விதிப் புத்தகத்தின் முதல் பதிப்பிலேயே இந்தக் கை சைகைகள் இடம்பெற்றன.

திறந்த கார்களில் இது சரிப்பட்டது. மேல்மூடி, கண்ணாடி எல்லாம் வைத்த கார்கள் பெருகியபோது கஷ்டம் தொடங்கியது. மழையில் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்ட வேண்டும். இருட்டில் நீட்டினால் யாருக்கும் தெரியாது. கை நீட்டும் நேரத்தில் ஸ்டியரிங்கில் ஒரு கைதான் இருக்கும்.

இதற்கு மாற்று யோசித்தவர்களில் ஒருவர் ஒரு சினிமா நடிகை என்பது ஆச்சரியமான செய்தி. கனடாவில் பிறந்து அமெரிக்க ஊமைப் படங்களில் புகழ்பெற்ற ஃபுளோரன்ஸ் லாரன்ஸ், 1910-களில் தன் காருக்கு ஒரு ஏற்பாடு செய்தார். பொத்தானை அழுத்தினால் காரின் பின்பக்கம் ஒரு சிறு கொடி போன்ற கை உயர்ந்து, திரும்பும் பக்கத்தைக் காட்டும். அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. அதனால் அவருக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை.

கதவோரத்துக் கைகாட்டி

ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கும் கைகாட்டி மரம் நமக்கெல்லாம் தெரியும். அதையே சின்னதாக்கிக் காரின் பக்கவாட்டில் பொருத்தினால் எப்படி இருக்கும்? ஐரோப்பாவில் 1920-களின் இறுதியிலும் 1930-களிலும் பரவியது அதுதான். ஜெர்மனியின் போஷ் நிறுவனமும் அப்படி ஒன்றைத் தயாரித்தது. பிரிட்டனில் இதை டிராஃபிக்கேட்டர் என்று அழைத்தார்கள்.

முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே உள்ள தூணில், சுமார் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு சிறு கை மடங்கிக் கிடக்கும். சுவிட்சைப் போட்டால் உள்ளே இருக்கும் மின்காந்தச் சுருள் ஒரு இரும்புத் துண்டை இழுக்கும். கை சட்டென்று வெளியே நீளும். அதற்குள் ஒரு குட்டி பல்பு ஆரஞ்சு நிறத்தில் எரியும். அது சிமிட்டாது. நீண்டிருப்பதே அதன் செய்தி.

பார்க்க அழகுதான். ஆனால் தூசியும் பனியும் சேர்ந்தால் கை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்போது ஓட்டுநர் கதவுத் தூணை முஷ்டியால் ஒரு குத்து விடுவார், வெளியே வரும்! நீட்டிய கையை மறந்துவிட்டால் யாராவது இடித்து உடைத்துவிடுவார்கள். இத்தனை குறை இருந்தும், ஐரோப்பாவில் விற்ற ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரில் 1960 வரையிலும், பிரிட்டனின் மோரிஸ் மைனர் காரில் 1961 வரையிலும் இந்தக் கைகாட்டிகள் இருந்தன.

சூட்டில் ஓடிய கடிகாரம்

அமெரிக்காவில் பியூக் நிறுவனம் 1939-ம் ஆண்டு மாடல் கார்களில் சிமிட்டும் விளக்கைக் கொண்டுவந்தது. முதல் வருடம் பின்பக்கம் மட்டும். அடுத்த வருடம் முன்பக்கமும் வந்தது, திருப்பம் முடிந்ததும் தானாக அணையும் வசதியும் வந்தது. பிரிட்டனில் சிமிட்டும் விளக்குகள் 1950-களில்தான் பரவின. தொடக்கத்தில் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்றுகூட இருந்தது. பின்னால் வரும் ஓட்டுநருக்கு அது பிரேக் விளக்கா, இன்டிகேட்டரா என்ற குழப்பம். 1965 செப்டம்பருக்குப் பிறகு சாலைக்கு வந்த கார்களுக்கு ஆம்பர் எனப்படும் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம்தான் சட்டம் ஆயிற்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய விஷயம் விளக்கைச் சிமிட்ட வைத்தது எது என்பதுதான். அந்தக் காலத்தில் காரில் கணினி இல்லை, எலெக்ட்ரானிக்ஸ் இல்லை. ஒரு சின்னத் தகர டப்பாதான் இருந்தது. அதன் பெயர் ஃபிளாஷர். உள்ளே ஒரு மெல்லிய உலோகப் பட்டை. இன்டிகேட்டர் பல்புகளுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் இந்தப் பட்டை வழியாகத்தான் போக வேண்டும். மின்சாரம் போகும்போது பட்டை சூடாகும், நீளும், ஒரு கட்டத்தில் டக்கென்று விலகி இணைப்பைத் துண்டிக்கும். விளக்கு அணையும். பட்டை ஆறும், சுருங்கும், மறுபடி டக்கென்று ஒட்டும். விளக்கு எரியும். காருக்குள் கேட்கும் அந்த 'டிக் டக்' சத்தம் யாரும் திட்டமிட்டு வைத்தது அல்ல. உலோகம் வளைந்து நிமிரும் சத்தம் அது.

சாதாரண இன்டிகேட்டர் பல்பு ஒன்றுக்கு 21 வாட். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஒரு பக்கத்துக்கு 42 வாட். 12 வோல்ட் பேட்டரியில் இது மூன்றரை ஆம்பியர். இந்த மூன்றரை ஆம்பியர் தரும் சூட்டுக்குச் சரியாக, நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை சிமிட்டும்படி அந்தப் பட்டையை அமைத்திருந்தார்கள். சட்டம் கேட்பதும் அந்த அளவுதான்.

அதில் இன்னொரு லாபமும் இருந்தது. ஒரு பல்பு பியூஸ் போனால் மின்சாரம் பாதியாகிவிடும். பட்டைக்குப் போதிய சூடு கிடைக்காது. சிமிட்டல் மெதுவாகிவிடும் அல்லது நின்றே போகும். ஓட்டுநருக்கு உடனே தெரிந்துவிடும், 'ஏதோ ஒரு பல்பு போய்விட்டது' என்று. பின்னாளில் எலெக்ட்ரானிக் ஃபிளாஷர்கள் வந்தபோதும் இந்த நல்ல குணத்தை விடாமல் வைத்துக்கொண்டார்கள். மின்சாரம் குறைந்தால் அவை இரண்டு மடங்கு வேகத்தில் சிமிட்டும். ஆக, ஒரே மின்சாரம் மூன்று வேலை செய்தது. ஊருக்கு வெளிச்சம் காட்டியது, நேரத்தை அளந்தது, விளக்கு உயிரோடு இருக்கிறதா என்றும் சொன்னது.

கொட்டகையில் பிறந்த கார்கள்

இதே 1950-களில் பிரிட்டனில் இன்னொரு கதையும் நடந்துகொண்டிருந்தது. முழுக் கார் வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. இந்த வித்தியாசம் ஒரு தொழிலையே வளர்த்தது. லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் 1957-ல் கொண்டுவந்த லோட்டஸ் செவன் அதில் மிகப் புகழ்பெற்றது. பாகங்களோடு பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரிச்சலுகை போய்விடும் என்பதால், காரை எப்படிக் கழற்றுவது என்று எழுதிக் கொடுத்தார்களாம். வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வர வேண்டியதுதான்! கார்ப் பிரியர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை இது.

1973 ஏப்ரலில் கொள்முதல் வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தது. வரி லாபம் போயிற்று. ஆனால் வீட்டில் கார் கட்டும் பழக்கம் போகவில்லை. செவன் காரின் உரிமை கேட்டரம் நிறுவனத்துக்குப் போய், இன்றுவரை அங்கே அது தயாராகிறது. 1996-ல் ரான் சாம்பியன் என்பவர் வெறும் 250 பவுண்டுக்குள் சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றை வாங்கிப் பிரித்து, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் செய்து, செவன் போன்ற ஒரு காரைக் கட்டலாம் என்பதே அதன் சாரம். அந்தப் புத்தகத்தை நம்பிக் கொட்டகைக்குள் நுழைந்தவர்கள் ஏராளம். இப்படிக் கட்டிய கார்களுக்கு லோகாஸ்ட் என்றே பெயர் வந்துவிட்டது.

இப்படிப்பட்ட காரில் வயரிங், சுவிட்ச், ஃபிளாஷர் எல்லாம் பிரித்துப் போட்ட பழைய காரிலிருந்து வந்தவை. அதாவது சூட்டில் ஓடிய அந்தக் கடிகாரமும் கூடவே வந்துவிடுகிறது.

மஞ்சள் ஒளியின் கதை

இனி எல்.இ.டி. பக்கம் வருவோம். மார்க்கோனி நிறுவனத்தில் வேலை பார்த்த ஹென்றி ரவுண்ட் 1907-லேயே, கார்போரண்டம் என்ற படிகத்தில் மின்சாரம் பாய்ச்சினால் அது லேசாக ஒளிர்வதைக் கண்டு எழுதினார். 1920-களில் ரஷ்யாவின் ஒலெக் லோசெவ் அதை விரிவாக ஆராய்ந்தார். லெனின்கிராட் முற்றுகையின்போது 1942-ல் அவர் பட்டினியால் இறந்துபோனார். 1962-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கினார். அவருடைய மாணவர் ஜார்ஜ் கிராஃபர்ட் 1972-ல் மான்சாண்டோ நிறுவனத்தில் மஞ்சள் எல்.இ.டி.யைச் செய்தார். ஆனால் அது கடிகாரத்துக்கும் கால்குலேட்டருக்கும் போதுமே தவிர, பகல் வெயிலில் சாலையில் தெரியாது. 1990-களில் அலுமினியம், இண்டியம், காலியம், பாஸ்பரஸ் கலந்த புதிய படிகம் வந்த பிறகுதான் வெயிலிலும் பளிச்சென்று தெரியும் ஆம்பர் ஒளி கிடைத்தது.

பழைய பல்பு வெள்ளை ஒளி தரும். அதன் மேல் ஆரஞ்சுக் கண்ணாடியைப் போட்டு வேண்டாத நிறங்களை வடிகட்டி எறிய வேண்டும். எல்.இ.டி. பிறக்கும்போதே ஆம்பர். வீண் கிடையாது. 21 வாட் பல்பு செய்த வேலையை இரண்டு மூன்று வாட்டில் செய்துவிடும். பல்பின் இழை சூடாகிப் பிரகாசிக்க ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை ஆகும். எல்.இ.டி.க்கு அந்தத் தாமதமும் இல்லை. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் ஒரு வண்டி அந்த நேரத்தில் ஐந்து மீட்டருக்கு மேல் போய்விடும். 1998-ல் மசராட்டி 3200 ஜி.டி., 2000-ம் ஆண்டு மாடல் காடிலாக் டெவில் ஆகிய கார்களின் பின்விளக்குகளில் எல்.இ.டி. வந்ததும் கொட்டகைக்காரர்களுக்கும் ஆசை வந்ததில் வியப்பில்லை.

சிக்கனம் கொண்டுவந்த சிக்கல்

இப்போது முதல் பத்தியில் பார்த்த புதிருக்கு விடை தெரிகிறது அல்லவா? மூன்றரை ஆம்பியரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஃபிளாஷருக்கு அரை ஆம்பியர்கூட வரவில்லை. பழைய பட்டை சூடாகவே இல்லை. அதனால் விளக்கு நின்று எரிந்தது. எலெக்ட்ரானிக் ஃபிளாஷரோ 'பல்பு செத்துவிட்டது' என்று முடிவு கட்டி, வேகமாகச் சிமிட்டி எச்சரித்தது. சிக்கனத்தைக் கோளாறு என்று அது நினைத்துக்கொண்டது.

நான்கு விளக்கும் சேர்ந்து எரிந்த மர்மத்துக்குக் காரணம் டேஷ்போர்டில் இருக்கும் சின்ன அடையாள விளக்கு. பல பழைய கார்களில் இடதுக்கும் வலதுக்கும் சேர்த்து ஒரே அடையாள விளக்குதான் உண்டு. அதன் ஒரு முனை இடது பக்க வயரிலும், மறுமுனை வலது பக்க வயரிலும் இணைந்திருக்கும். இடது பக்கம் போட்டால், மின்சாரம் அடையாள விளக்கைத் தாண்டி வலது பக்கப் பெரிய பல்புகள் வழியாக எர்த்துக்குப் போகும். அந்தச் சொற்ப மின்சாரம் 21 வாட் பல்பை எரிய வைக்காது என்பதால் யாருக்கும் தெரியாது. ஒரு பல்பை மிச்சம் பிடித்த கெட்டிக்காரத்தனம் அது. ஆனால் எல்.இ.டி.க்கு அந்தச் சொற்ப மின்சாரமே விருந்து! உடனே எதிர்ப் பக்கமும் எரிந்துவிடுகிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆளுக்கு ஒரு டையோடு வைத்து அடையாள விளக்குக்குக் கொண்டுவந்து, அதன் மறுமுனையைத் தனியாக எர்த்தில் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். சில ரூபாய்ச் சாமான்தான்.

சிமிட்டல் சிக்கலுக்கு இரண்டு வழிகள். ஒன்று, எல்.இ.டி.க்குப் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டரை இணைத்து, பழைய பல்பு குடித்த மின்சாரத்தை அதைக் குடிக்கச் செய்வது. கடைகளில் கிடைக்கும் 6 ஓம் ரெசிஸ்டர், என்ஜின் ஓடும்போது இரண்டேகால் ஆம்பியர் இழுக்கும். கணக்குப் போட்டால் 30 வாட். அது அத்தனையும் சூடு. 18 வாட் மிச்சம் பிடிக்க வாங்கிய விளக்குக்காக 30 வாட் வீணாக்குவது என்ன கணக்கு? தவிர, அந்தச் சூட்டுக்கு ரெசிஸ்டரை இரும்பிலோ அலுமினியத்திலோதான் பொருத்த வேண்டும். வீட்டில் கட்டும் கார்களில் விளக்கு இருக்கும் இடம் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். அது சூட்டைக் கடத்தாது. மின்சாரத்தையும் கடத்தாது என்பதால் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் வேறு இழுக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ரெசிஸ்டர் ஃபிளாஷரிடம் பொய் சொல்கிறது. நாளைக்கு எல்.இ.டி. உண்மையிலேயே செத்துப்போனாலும், ரெசிஸ்டர் தன் பங்கு மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே 'டிக் டக்' என்று எல்லாம் ஒழுங்காகக் கேட்கும். வெளியே விளக்கு எரியாது. சரக்கே இல்லாத கிடங்குக்குக் கணக்குப் புத்தகத்தில் இருப்பு காட்டுவது போன்றது இது.

இரண்டாவது வழி, எவ்வளவு மின்சாரம் போனாலும் ஒரே வேகத்தில் சிமிட்டும் எலெக்ட்ரானிக் ஃபிளாஷரை மாட்டுவது. பழையதில் இரண்டு முள் இருக்கும் இடத்தில் இதில் மூன்று முள் இருக்கும். மூன்றாவது எர்த்துக்கு. ஒரு வயர் கூடுதல், அவ்வளவுதான். சூடு இல்லை, வீண் இல்லை. பொய்யும் சொல்லாது. ஆனால் உண்மையும் சொல்லாது. விளக்கு போனால் போனது என்று காட்டாது.

இன்றைய கம்பெனி கார்களில் கட்டுப்பாட்டுக் கணினி ஒவ்வொரு விளக்கையும் கண்காணித்து, போனால் டேஷ்போர்டில் சொல்லிவிடுகிறது. 'டிக் டக்' சத்தத்தைக்கூட ஸ்பீக்கர் வழியாக செயற்கையாகக் கேட்க வைக்கிறார்கள். கொட்டகைக் காருக்கு அந்த வசதி இல்லை.

அதிகாரியின் கண்

பிரிட்டனில் 1998 முதல் வீட்டில் கட்டிய கார்கள் தனிப் பரிசோதனையில் தேறினால்தான் பதிவு செய்ய முடியும். 2009-ல் அந்தப் பரிசோதனைக்குப் பதிலாக இன்னும் கடுமையான ஒன்று வந்தது. இன்டிகேட்டர் எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்திலிருந்து தெரிகிறது, நிமிடத்துக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது, அங்கீகார முத்திரை இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். பழைய விளக்குக் கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகினால் அந்த முத்திரை செல்லாது. அந்தக் கூட்டின் கண்ணாடியும் பிரதிபலிப்பானும் இழை பல்புக்கென்றே அளந்து செய்தவை. எல்.இ.டி.க்கென்றே செய்து முத்திரை பெற்ற முழு விளக்கைத்தான் வாங்க வேண்டும்.

இது வெறும் அரசாங்கத் தொல்லை என்று தோன்றலாம். ஆனால் செவன் மாதிரி கார் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம்தான். லாரி ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்து பார்த்தால் அது கண்ணில் படுவதே கஷ்டம். ரவுண்டானாவில் அந்தச் சின்னக் கார் எந்தப் பக்கம் போகப்போகிறது என்று அவருக்குச் சொல்ல இருப்பது அந்த ஒரு மஞ்சள் விளக்கு மட்டுமே. எரியும் என்று நம்பி ஓட்டுபவர் திரும்புகிறார், எரியாததால் அவர் திரும்ப மாட்டார் என்று லாரிக்காரர் நம்புகிறார். இரண்டு பேர் மீதும் தப்பில்லை, ஆனால் அடிபடுவது சின்னக் கார்தான்.

கையை நீட்டிய காலத்தில் கை நீண்டிருக்கிறதா என்று ஓட்டுநருக்கே தெரியும். கைகாட்டி சிக்கிக்கொண்டால் ஒரு குத்து விடுவார். பல்பு போனால் தகர டப்பா சொல்லும். எல்.இ.டி. மின்சாரத்தை மிச்சப்படுத்தியது, ஆயுளைக் கூட்டியது, ஆனால் இந்த ஒரு வேலையை மட்டும் மறுபடி மனிதனிடமே கொடுத்துவிட்டது. அதனால் கொட்டகையில் கார் கட்டியவர் வண்டியை எடுப்பதற்கு முன்னால் இன்டிகேட்டரைப் போட்டுவிட்டு, இறங்கி, காரை ஒரு முறை சுற்றி வந்து பார்க்க வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அரை நிமிட வேலைதான்.